தோபித்தின் ஆட்டுக்குட்டியும் அம்மாவின் சேலையும்

வேதாகமத்திலே கணவனும் மனைவியும் சண்டை பிடிக்கிற இடம் எது என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் உடனே ஆதாமையும் ஏவாளையும் சொல்லுவார்கள். அது சண்டையல்ல, ஆதாம் பழியைத் தூக்கி மனைவியின் தலையில் போட்ட கதை. நம்முடைய வீட்டுக் குசினியில் கேட்பது போன்ற அசல் சண்டை தோபித்து நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. இக்கிழமைப் பாடமாக அதைத்தான் எழுத இருந்தேன். ஆனால் சென்ற மாதம் ஒரு வீட்டு விறாந்தையிலே அந்த அதிகாரம் என் கண்முன்னே நடந்துவிட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி தருகிறேன்.

வீட்டாரின் சம்மதம் உண்டு. ஊரும் பேரும் போடக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. பரந்தனுக்குக் கிட்டடியில் என்ற அளவோடு நிற்கட்டும். அப்பம்மா மாத்திரம், "என்ர பேரைப் போட்டால் என்ன குறைஞ்சு போகும்?" என்று கேட்டா.

மூத்த மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வவுனியாப் பக்கம். முதல் அறிவித்தல் பூசையில் வாசித்தாயிற்று. மற்ற விபரங்கள் கதைக்க நான் ஒரு பின்னேரம் போனேன். அப்பா விறாந்தைக் கதிரையில் இருந்தார். ஜெய்ப்பூர் கால் சுவரோரம் சாய்ந்திருந்தது. இடது கால் 2009 ஏப்பிரலில் புதுமாத்தளனில் போனது. அம்மா உள்ளே தையல் மெசினில். இருவருக்கும் இடையில் எட்டடித் தூரம் இருக்கும். வாசற்படியில் மகள்.

அப்பா: வாங்கோ பாதர், இருங்கோ. பிள்ளை, பாதர் வந்திருக்கிறார், தேத்தண்ணி போடச் சொல்லி அம்மாட்டச் சொல்லு.

அம்மா (உள்ளேயிருந்து): பிள்ளை, கேத்தில் அப்பவே அடுப்பில எண்டு அப்பாட்டச் சொல்லு.

நான் மகளைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். தம்பிக்காரன், ஓ/எல் படிக்கிறவன், புத்தகத்துக்குள் முகத்தை வைத்துச் சிரித்தான்.

தம்பி: ஒன்பது நாளா இப்பிடித்தான் பாதர். அக்காதான் தபாற்கந்தோர்.

அப்பம்மா: நவநாள் முடிஞ்சுது. இனித் திருநாள்தான்!

விசாரித்தேன். அம்மா கிளிநொச்சி ரவுணில் ஒரு கடைக்குத் தைத்துக் கொடுக்கிறவ. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்த காலத்தில் பழகிய தையல். திரும்பி வந்த பிறகு அந்த மெசின்தான் வீட்டுக்கு உலை வைத்தது. கடைக்கார அம்மா கூலியை முழுதாகக் கொடுத்ததோடு, "மகளின்ர கலியாணத்துக்குக் கட்டுங்கோ" என்று ஒரு சேலையும் கொடுத்திருக்கிறா. அதைக் கொண்டுவந்து விரித்துக் காட்டியபோது அப்பா கேட்ட முதற் கேள்வி, "கூலிக்கு மேல ஏன் தந்தவை?" இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை, கட்டளையாகவே சொன்னார்: "நாளைக்கே திருப்பிக் குடு."

அம்மா சும்மா விடவில்லை. அப்பா ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறவர். வின்சென்ட் டி போல் சபையிலும் இருக்கிறார். "கோயிலில மைக்குக்கு முன்னால நிண்டு படிக்கிறியள், சபைக்கு அரிசி சேர்க்கிறியள். உங்கட பக்தி உவ்வளவுதானோ?" என்று கேட்டுவிட்டா.

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகம் மாறிற்று. சமாளிக்க வேண்டி, "தம்பி, வேதாகமத்தை எடு, தோபித்து இரண்டாம் அதிகாரம்" என்றேன்.

தம்பி: என்ர சிநேகிதன்ர வேதாகமத்தில இந்தப் புத்தகம் இல்லை பாதர். கள்ளப் புத்தகம் எண்டு சொல்லுறான்.

ஒரு சிறு விளக்கம் தேவைப்பட்டது. பிரிந்த சகோதரர்கள் எபிரேய வேதாகமத்தில் உள்ள பழைய ஏற்பாட்டு நூல்களை மட்டும் கொள்கிறார்கள். நமது திருச்சபை ஆதிக் கிறிஸ்தவர்கள் வாசித்த கிரேக்க வேதாகமத்தில் இருந்த தோபித்து போன்ற நூல்களையும் கொள்கிறது. திரெந்துச் சங்கம் 1546இல் அதை உறுதி செய்தது. 1952இல் சாக்கடலருகே கும்ரான் குகையொன்றில் இந்நூலின் அரமேய, எபிரேயத் துண்டுகளும் அகப்பட்டன. ஆகவே யூதரும் ஒருகாலம் இதைத் தங்கள் மொழிகளில் வாசித்தவர்களே. சிநேகிதனோடு சண்டைக்குப் போகாதே, இந்த வீட்டில் ஒரு சண்டை காணும் என்று தம்பிக்குச் சொன்னேன்.

இனிக் கதை. தோபித்து நப்தலி குலத்தவர். அசீரியர் பிடித்துக்கொண்டு போய் நினிவே நகரில் விட்டார்கள். நம்முடைய பாஷையில் சொன்னால் இடம்பெயர்ந்த குடும்பம். அங்கே கொல்லப்பட்டு எடுப்பாரற்றுக் கிடந்த தன் இனத்தவரின் உடல்களை ஒருவருக்கும் தெரியாமல் அடக்கம் செய்துவந்தார். ஒரு பெந்தக்கோஸ்துத் திருநாளன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், ஒருவன் கொலையுண்டு சந்தையில் கிடக்கிறான் என்று மகன் வந்து சொன்னதும், பீங்கானைத் தொடாமலே எழுந்து போனார். பொழுதுபட்ட பின் அந்த உடலைப் புதைத்துவிட்டு வந்து முற்றத்து மதிலோரம் படுத்தார். வெக்கைக்கு முகத்தை மூடவில்லை. மதிலில் இருந்த குருவிகளின் எச்சம் கண்ணில் விழுந்தது. மருந்து போடப் போடக் கண் மோசமாகி, பார்வை முழுதும் போய்விட்டது.

அப்பா: பங்கருக்குப் பக்கத்தில நாங்களும் எத்தினை பேரை…

அவர் முடிக்கவில்லை. அப்பம்மா சிலுவை அடையாளம் போட்டா. நானும் சற்றுநேரம் பேசவில்லை. நல்லது செய்யப் போய்க் கண்ணைப் பறிகொடுத்த மனிதனின் கதையை வன்னியில் வாசிக்கும்போது விளக்கவுரை வேண்டியதில்லை.

கணவனுக்குக் கண் தெரியாமற்போக, மனைவி அன்னா கூலிக்கு நெசவு செய்தாள். ஒருநாள் நெய்த துணியைக் கொடுத்தபோது, முதலாளிமார் முழுக்கூலியோடு ஒரு வெள்ளாட்டுக்குட்டியையும் கொடுத்தார்கள். வீட்டுக்குள் வந்ததும் குட்டி கத்தியது. தோபித்துக்குத் தெரிந்தது அந்தச் சத்தம் மட்டும். இது எங்கிருந்து வந்தது, களவெடுத்ததோ, உடையவர்களிடம் திருப்பிக் கொடு என்றார். கூலிக்கு மேல் அன்பளிப்பாகத் தந்தது என்று அவள் சொல்லியும் நம்பவில்லை. அப்போது அன்னாவும், உன் தானதர்மமெல்லாம் எங்கே, உன் புண்ணியம் எங்கே என்று திருப்பிக் கேட்டாள்.

தம்பி: மெய்யே பாதர்! எங்கட வீடேதான். ஆடு மட்டுந்தான் இல்லை.

உள்ளே தையல் மெசின் நின்றுவிட்டது. தேத்தண்ணியோடு அம்மா வந்து நிலையோரம் நின்றா.

அம்மா: பிறகு என்ன நடந்தது? அந்தாள் மன்னிப்புக் கேட்டவரோ?

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. போக வேண்டிய இடம் வேறு. தோபித்து மன்னிப்புக் கேட்டதாக நூலில் ஓரிடத்திலும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அப்பாவின் முகம் சற்றே வெளித்தது. ஆனால் நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். தான் சாகப்போவதாக எண்ணி மகன் தோபியாவைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லும்போது முதலில் எதைச் சொல்கிறார்? நான் செத்தால் என்னை அடக்கம் செய். உன் தாயை மதி, அவள் மனம் நோக நடக்காதே. உன்னை வயிற்றில் சுமந்தபோது அவள் பட்ட ஆபத்துகளை மறவாதே. மனைவியின் முகத்துக்கு நேரே சொல்ல வராததை மகனிடம் சொல்லுகிறார். ஐந்தாம் அதிகாரத்தில் மகன் தூரதேசம் புறப்பட, அன்னா அழும்போதுதான் அவளுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை நேரே சொல்லுகிறார். சகோதரி என்று அழைத்தே சொல்லுகிறார்.

அப்பம்மா: பாத்தியளோ! ஆம்பிளையள் அப்பவும் அப்பிடித்தான். இந்தப் பிள்ளையின்ர அப்பப்பா நாப்பத்தியொரு வருசம் என்னோட இருந்தவர். நன்றி எண்ட சொல்லு அந்த வாயில வந்ததில்லை. ஆனால் சனிக்கிழமை சந்தையால வரேக்க மீனைக் கொண்டுவந்து, "நடுத்துண்டு உனக்கு" எண்டு வச்சிட்டுப் போவார். வீட்டுக்குள்ள என்ன பாதர் நன்றியும் மண்ணும்? அது பிறத்தியாருக்குச் சொல்லுறது.

இதைப் பழங்காலப் பேச்சு என்று தள்ளிவிட நான் ஆயத்தமாக இல்லை. நம்மிடையே நன்றி என்பது பெரும்பாலும் சொல்லாக வருவதில்லை. "சாப்பிட்டியே?" என்ற கேள்வியாக வரும். மழைக்கு முன் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுத்து வைப்பதாக வரும். நன்றி என்று வாய்விட்டுச் சொன்னால் ஏதோ கணக்குத் தீர்த்துவிட்டது போல இருக்கும். மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் இதை அறிந்திருந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி அவர் மடுவுக்கு வந்தது நினைவிருக்கும். அப்பம்மாவும் அந்தக் கூட்டத்தில் நின்றவ. ஹெலி இறங்கின புழுதியை இன்றைக்கும் கதைப்பா. அதே வருடம் மே 13ஆம் திகதி புதன்கிழமை மறையுரையில் குடும்பங்களுக்கு மூன்று சொற்கள் வேண்டும் என்றார்: அனுமதி கேட்கும் சொல், நன்றி, மன்னிப்பு. சில வீடுகளில் பீங்கான் பறக்கும் என்றும் பகிடியாகச் சொன்னார். சண்டை வரும், ஆனால் சமாதானமாகாமல் படுக்கைக்குப் போகக்கூடாது; அதற்கு முழங்காலில் நிற்கத் தேவையில்லை, ஒரு சிறு செய்கை, ஒரு தடவல் காணும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டு வெளிவந்த 'அன்பின் மகிழ்வு' மடலிலும் இதைச் சேர்த்தார்.

அப்பம்மா: பாப்புவே சொல்லிப்போட்டார், நடுத்துண்டு காணுமெண்டு!

மகள்: காணாது அப்பம்மா.

அவள் அதுவரை வாய் திறக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

மகள்: நடுத்துண்டு தந்தது உங்களுக்கு விளங்கினது. ஏனெண்டால் அப்பப்பா உங்களோட கதைச்சவர். இஞ்ச அப்பாவும் அம்மாவும் என்னோடதான் கதைக்கினம். இந்த ஒன்பது நாள் மட்டுமில்லை. நான் ஆறாம் வகுப்புப் படிக்கேக்கையும் இப்பிடித்தான். "அப்பாட்டச் சொல்லு, அம்மாட்டச் சொல்லு." எனக்கு வாற மாசம் கலியாணம். நான் போனாப் பிறகு ஆர் கொண்டுபோய்க் குடுக்கிறது? தம்பியோ? அவன் ரெண்டு பக்கமும் மாத்திச் சொல்லிப்போடுவான்.

தம்பி மறுத்துப் பேச வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டான்.

மகள்: வவுனியாவில இருந்து நான் போன் எடுத்து, அம்மா என்ன சொல்லுறா, அப்பா என்ன சொல்லுறார் எண்டு கேக்கிறதோ? எனக்குப் பயமாயிருக்கு பாதர். நானும் அந்த வீட்டில இப்பிடித்தான் இருப்பனோ எண்டு.

கல்யாணத்துக்கு ஆயத்தம் செய்ய வந்த குரு என்ற முறையில் நான் ஏதும் சொல்லியாக வேண்டும். மெய்விவாகம் என்னும் அருட்சாதனத்தைக் குரு கொடுப்பதில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் கொடுக்கிறார்கள், குரு திருச்சபையின் பேரால் சாட்சி நிற்கிறார். அவர்கள் வாயால் சொல்லும் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில், வரமுடியாத ஒருவர் பதிலாள் மூலம் அந்தச் சம்மதத்தைக் கொடுப்பதற்குக் கூட இடமுண்டு. "ஆனால் பதிலாள் வைத்துக் குடும்பம் நடத்துவதற்கு ஒரு விதியையும் நான் காணவில்லை" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை.

இதிலே நம் கோயில் ஒழுங்கும் கொஞ்சம் உடந்தை என்று எனக்கு ஒரு சந்தேகம். பூசைத் தொடக்கத்தில் பாவ அறிக்கை செய்யும்போது இறைவனிடம் மட்டுமல்ல, கூடிநிற்கும் சகோதர சகோதரிகளிடமும் பாவத்தை ஏற்றுக்கொள்கிறோம். அந்தச் சகோதரிகளில் ஒருத்தி சொந்த மனைவி என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் வருகிறது? பிறகு சமாதானம் தெரிவிக்கும் நேரம். ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம் இருக்கிறபடியால் கணவன் பக்கத்து ஆணுக்குக் கைகூப்புகிறார், மனைவி பக்கத்துப் பெண்ணுக்குக் கைகூப்புகிறா. வீட்டில் ஒன்பது நாள் பேசாதவர்கள் கோயிலில் ஊராரோடு சமாதானமாகித் திரும்புகிறார்கள்! காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் மத்தேயு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் சொன்னபோது, அந்த ஆள் நடந்துபோக வேண்டிய தூரத்தைச் சொல்லவில்லை. இந்த வீட்டில் எட்டடி.

அப்பா சுவரோரம் சாய்ந்திருந்த காலை எடுத்து மாட்டத் தொடங்கினார். கோபித்துக்கொண்டு எழும்பிப் போகப்போகிறார் என்று நினைத்தேன். வார்ப்பட்டியை இறுக்கியபடி, யாரையும் பாராமல் பேசினார்.

அப்பா: பாதர், நான் களவெண்டு நினைக்கேல்லை. உவ அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை எண்டு எனக்குத் தெரியாதே? மகளின்ர கலியாணத்துக்குத் தாய்க்குச் சீலை எடுத்துக் குடுக்க வேண்டியது நான். சங்கத்தில கடன் கேட்டிருந்தனான், சரிவரேல்லை. அதுக்குள்ள கடைக்காரி குடுத்திட்டா. ஊர் என்ன சொல்லும்? புருசனுக்கு வக்கில்லை, முதலாளி எடுத்துக் குடுத்தவ எண்டு சொல்லாதோ?

அம்மா: அதைச் சொல்லியிருக்கலாமே.

அப்பா: எப்பிடிச் சொல்லுறது?

அம்மா: இப்ப பாதருக்குச் சொன்ன மாதிரி.

அன்னாவிடம் தோபித்து கோபப்பட்டதும் இதனாலோ என்று அன்றுதான் எனக்குத் தோன்றிற்று. குருமடத்தில் படித்த காலத்திலும், எத்தனையோ திருமண மறையுரைகளில் தோபித்து நூலைத் தொட்டுப் பேசிய காலத்திலும், அவரை ஆட்டுக்குட்டி விஷயத்தில் நேர்மை கூடிப்போன மனிதராகவே நினைத்திருந்தேன். கண்ணிழந்து, மனைவியின் உழைப்பில் சாப்பிடும் ஒருவருக்கு, அந்த உழைப்புக்கு மேல் வந்த அன்பளிப்பு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசித்ததில்லை. நூலில் அப்படி எழுதியில்லை, அது உண்மை. ஆனால் அந்தச் சண்டை முடிந்ததும் அவர் அழுது, தன்னை எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடம் கேட்கிறார் என்று மூன்றாம் அதிகாரம் சொல்லுகிறது. ஓர் ஆட்டுக்குட்டிக்காக ஒருவர் சாவைக் கேட்பாரா?

அந்த மன்றாட்டு கேட்கப்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. அதே வேளையில் தூரத்து எக்பத்தானா நகரில் சாரா என்ற பெண்ணும் வேலைக்காரியின் ஏச்சுத் தாங்காமல் அழுது மன்றாடுகிறாள். இரண்டு மன்றாட்டும் ஒரே நேரத்தில் கேட்கப்பட்டு, இரபேல் சம்மனசு அனுப்பப்படுகிறார். தோபித்துக்குக் கண்ணும், தோபியாவுக்குச் சாரா என்ற மணப்பெண்ணும் கிடைக்கிற கதை முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எட்டாம் அதிகாரத்தில் அந்த மணமக்கள் முதலிரவில் ஒன்றாக எழுந்து நின்று செபிக்கிறார்கள். கல்யாணப் பூசைக்குரிய வாசகங்களில் அதுவும் ஒன்று. மகள் அதையே தன் பூசைக்குத் தெரிந்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அப்பா எழும்பி நின்றார். எட்டடி நடந்தார். ஜெய்ப்பூர் காலின் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா: இஞ்சேரப்பா… அந்தச் சீலை என்ன நிறம்?

அம்மா: ஒன்பது நாளாக் கொடியில தொங்குது. பாக்கேல்லையோ?

அப்பா: பாத்தனான். நல்லாத்தான் இருக்கு.

அப்பம்மா என் பக்கம் குனிந்து, "நடுத்துண்டு வச்சாச்சு" என்று காதுக்குள் சொன்னா. நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் மகள் அசையவில்லை; கதவு நிலையைப் பிடித்தபடி தகப்பனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அம்மாவைப் பார்த்தார்.

அப்பா: நான் கேட்ட விதம் பிழைதானப்பா.

அம்மா உடனே ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டு, "நானும் கோயிலை இழுத்துக் கதைச்சிருக்கக் கூடாது" என்று உள்ளே போய்விட்டா.

அந்நேரம் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். மாப்பிள்ளை வவுனியாவிலிருந்து வந்திருந்தார். நடந்தது ஒன்றும் அறியாத மனிதர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் தானே கழுவி வைத்தார். அப்பம்மாவுக்கு அது பெரிய அதிர்ச்சி. "மருமோன், வையுங்கோ, வையுங்கோ! பெண்டுகள் இருக்கினம்!" என்று பதறினா. அவர், "பரவாயில்லை அப்பம்மா, எங்கட வீட்டில எல்லாரும் கழுவுறது" என்றார். மகள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தன் கோப்பையைப் பார்த்தான். அது விறாந்தைக் கட்டில், எறும்பு மொய்க்கக் கிடந்தது.

அறிவித்தல், சாட்சிகளின் பெயர், பாடகர் குழு, பூசை நேரம் எல்லாவற்றையும் அரை மணித்தியாலத்தில் கதைத்து முடித்தோம். மணப்பெண்ணின் தாய் என்ன நிறச் சேலை கட்டுவா என்பது குருவானவர் குறித்துக்கொள்ளும் விபரமல்ல. ஆனால் புறப்படும்போது கொடியில் பார்த்துவிட்டேன், மாம்பழ நிறம். அப்பம்மா படலை வரைக்கும் கூடவே வந்தா.

"எல்லாருக்கும் சீலை பாத்தாச்சு பாதர். எனக்கு ஆர் எடுத்துத் தாறது எண்டு அவரிட்டச் சொல்லிவிடுங்கோ."

"நீங்களே சொல்லுங்கோ அப்பம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.